வெளிக்கூடு கான்ட்ராக்டர், உள்வேலை நாங்களே: கோடு எங்கே போடுவது?

புதுக்கட்டு எழுதியது:

வணக்கம். தரைத்தளம், முதல் தளம் என இரண்டு தள வீடு. அஸ்திவாரம், தூண், பீம், செங்கல் கட்டு, தளக் கான்க்ரீட், ஜன்னல், வெளிப்பூச்சு, வெளிப் பெயின்ட் வரை கான்ட்ராக்டர். உள்ளே பூச்சு முதல் பெயின்ட் வரை நாங்கள். வயரிங்குக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வருவார். டைல்ஸ், பட்டி, பெயின்ட் மூன்றிலும் கைப்பழக்கம் உண்டு, பூச்சில் இல்லை. உள்சுவர்கள் பெரும்பாலும் 115 மிமீ. ஒப்பந்தத்தில் "வெளிவேலை முழுவதும்" என்று எழுதினால் போதுமா? உள்ளே எந்த வரிசையில் போவது?

ரசமட்டம் எழுதியது:

போதாது. "வெளிவேலை" என்று மட்டும் எழுதினால், ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை யார் அடைப்பது என்பதிலேயே சண்டை வந்துவிடும். அதைவிட முக்கியம், உங்கள் உள்வேலை கூடு முடிந்த பிறகு தொடங்குவதில்லை. தளத்துக்குக் கம்பி கட்டும்போதே தொடங்கிவிடுகிறது.

கான்க்ரீட்டுக்கு முன்பே ஃபேன் பாக்ஸும் லைட் பாக்ஸும் சென்ட்ரிங் (கான்க்ரீட்டைத் தாங்கும் பலகை) மேலும், கண்டியூட் (வயர் போகும் பைப்) அடிக்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவிலும் உட்கார வேண்டும். அதனால் எந்த அறையில் ஃபேன், எந்தச் சுவரில் சுவிட்ச் போர்டு என்ற வரைபடம் அன்றைக்கே எலக்ட்ரீஷியன் கையில் இருக்க வேண்டும். சுவருக்குள் இறங்கும் பைப் முனைகளில் துணி அடைத்து டேப் சுற்றுங்கள். சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகினால் அந்தப் பைப் போனதுதான். கான்க்ரீட் ஊற்றும் முன் அளவு டேப்பை வைத்து ஒவ்வொரு பைப்பையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஃபால்ஸ் சீலிங்குக்கு டிரில் போடும்போது உதவும்.

அடுத்தது மட்டம். முடிந்த தரை எந்த மட்டம் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து சரியாக 1 மீட்டர் மேலே எல்லா அறைச் சுவரிலும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து ஒரு கோடு அடித்துத் தரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கதவு நிலை, ஜன்னல் அடிமட்டம், பாத்ரூம் வாட்டம் (சரிவு) எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும்.

படிக்கட்டில்தான் பலர் மாட்டுவது. தரையில் 50 மிமீ கலவை, 10 மிமீ டைல், ஆக 60 மிமீ ஏறும். படியில் கல்லும் கலவையும் சேர்ந்து 40 மிமீ என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர் எல்லாப் படியையும் 150 மிமீ உயரத்தில் ஊற்றிவிட்டால், வேலை முடிந்தபின் முதல் படி 130, கடைசிப் படி 170 ஆகிவிடும். இறங்கும்போது கால் தடுமாறும். கல் பதிக்காத வெறும் கான்க்ரீட்டில் முதல் படி 170, கடைசிப் படி 130 என்று ஊற்றினால் எல்லாம் 150-க்கு வந்து நிற்கும். சென்ட்ரிங் அடிப்பவரிடம் இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

கிளாசெட் கழிவு துவாரத்துக்கும் இதே கணக்குதான். எஸ் டிராப் (கழிவு தரை வழியாக இறங்கும் வகை) 225 மிமீ என்றால் அது சுவர் டைல் முகத்திலிருந்து. பூச்சு 15, ஒட்டும் கலவையும் டைலும் 15 என்று சேர்த்தால் செங்கல் முகத்திலிருந்து 255 வர வேண்டும். எனவே கிளாசெட் மாடலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் சங்கன் தளத்தில் (தாழ்த்தி ஊற்றிய பாத்ரூம் தளம்) பைப்.

கழிவு பைப்பைச் சேம்பரிலிருந்து (வெளியே உள்ள கழிவுநீர்த் தொட்டி) சங்கன் வரை அவரே கொண்டுவந்து, 110 மிமீ பைப்புக்குப் போதிய வாட்டம் வைத்து, மூடி போட்டுத் தரட்டும். கூட்டைக் கையேற்கும் முன் மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் வெளியிலிருந்து ஹோஸ் அடியுங்கள். நீங்கள் உள்ளே கட்டர் வைத்த அடுத்த நிமிடம், எந்த ஒழுக்குக்கும் "நீங்க உடைச்சதுதான் சார் காரணம்" என்ற பதில் தயாராகிவிடும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைக்கும் விதியும் எழுத்தில் இருக்கட்டும்.

ஈரச்சுவர் எழுதியது:

ரசமட்டம் சொன்னதோட, உள்ளே போற வரிசை. முதல்ல சுவர் வெட்டு. நேராக இறங்கும் வெட்டு சுவர் கனத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, படுக்கை வெட்டு ஆறில் ஒரு பங்கு. உங்க 115 மிமீ சுவரில் படுக்கை வெட்டுன்னா 19 மிமீதான் கிடைக்கும், 20 மிமீ கண்டியூட்டே அடங்காது. அதனால இந்த மாதிரி அரைக்கல் சுவரில் படுக்கை வெட்டே வேண்டாம். மேலிருந்து இறக்குங்க, இல்ல தரையில் கொண்டுபோங்க. ஒரே இடத்தில் ரெண்டு பக்கமும் எதிரெதிரா சுவிட்ச் பாக்ஸ் வைக்காதீங்க, சுவர் ஓட்டையாயிடும். கட்டர் போட்டு ரெண்டு கோடு கிழிச்சுட்டு அப்புறம் உளி. வெறும் உளியும் சுத்தியலும்னா பக்கத்துக் கல் ஆட்டம் கண்டுடும்.

தண்ணி லைன் சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்). அதுக்குரிய சால்வென்ட் (ஒட்டும் பசை)தான் போடணும், யுபிவிசி (சாதா பிளாஸ்டிக் பைப்) பசை வேற. குழாய் மாட்டும் இடத்தில் பித்தளை நூல் உள்ள ஃபிட்டிங். டைவர்ட்டரோட (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணியை மாத்திவிடும் வால்வு) பிளாஸ்டிக் மூடியில் டைல் முகம் எங்கே வரணும்னு கோடு போட்டிருப்பாங்க. பூச்சு, டைல் கனம் கணக்குப் பண்ணி அந்தக் கோட்டுக்குள்ள உட்காரணும். ரொம்ப உள்ளே போனா கைப்பிடி மாட்டாது, வெளியே வந்தா பிளேட் சுவரில் ஒட்டாது. எல்லா முனையும் பிளக் அடிச்சு, கைப்பம்பு வெச்சு, வழக்கமா வர்ற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏத்தி ஒரு நாள் விடுங்க. டெஸ்ட் முடிஞ்சாலும் அழுத்தத்தை இறக்காம கேஜோட அப்படியே விட்டுட்டுப் பூச்சு, டைல் வேலை பாருங்க. யாராவது ஆணி அடிச்சா முள் உடனே காட்டிக்கொடுத்துடும்.

பாத்ரூம் சங்கன்: மூலைகளை 50 மிமீ வளைவா கலவை வெச்சு மழுக்கி, வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு கோட், சுவரில் முடிந்த தரைக்கு மேல 300 மிமீ வரை, ஷவர் பக்கம் 1800 வரை. 48 மணி நேரம் தண்ணி தேக்கிப் பார்த்துட்டுத்தான் நிரப்பணும். கூரான இடிபாட்டைக் கொட்டினா அந்த வாட்டர்ப்ரூஃபிங்கைக் கிழிச்சிடும். எடை குறைந்த கல் துண்டு, மெலிந்த கலவை போதும். நிரப்பின மேல்மட்டத்துக்கும் இன்னொரு தடவை கோட், இன்னொரு தடவை தேக்கம்.

புதுக்கட்டு எழுதியது:

மிக்க நன்றி. அப்படியானால் உள்பூச்சையும் கான்ட்ராக்டரிடமே கொடுத்துவிடலாமா?

ரசமட்டம் எழுதியது:

கொடுத்துவிடுங்கள். டைல்ஸில் கை பழகியவர் பட்டியைச் சமாளித்துவிடுவார். கரணை பிடித்து நூல் மட்டத்தில் மேல்தளம் (அறையின் சீலிங்) பூசுவது வேறு. கோணலான பூச்சைப் பட்டியால் சரிசெய்யப் பார்த்தால் பட்டி கனத்துப் பெயர்ந்து விழும். சுவருக்கு 12 மிமீ, 1:6 (சிமெண்ட்:மணல்). மேல்தளத்துக்கு 6 மிமீ, 1:4. 10 சதுர மீட்டர் சுவருக்குச் சுமார் 40 கிலோ சிமெண்ட் போகும். பீமும் செங்கலும் சேரும் இடமெல்லாம் இரண்டு பக்கமும் 150 மிமீ படும்படி 300 மிமீ அகலச் சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை). இது இல்லாவிட்டால் பீம் அடியில் நேர்கோடாக விரிசல் வரும். பெயின்ட் அடித்து மறைத்தாலும் திரும்ப வரும். பூசியபின் குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும், அது யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

கம்பிச்சுருள் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. உள்பூச்சு அவரிடம் என்றால், செங்கல் கட்டு முடிந்ததும் வெட்டு, பைப், பாக்ஸ், பிரஷர் டெஸ்ட் எல்லாம் முடிக்க உங்களுக்கு இடைவெளி வேண்டும். இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், ஆளைச் சும்மா நிறுத்தினதாகக் கூடுதல் பில் வரும். இல்லையென்றால் காத்திராமல் பூசிவிட்டுப் போய்விடுவார், புதுப் பூச்சை நீங்களே உடைப்பீர்கள். அந்த நாள்களுக்குள் முடிக்க முடியாது என்று தோன்றினால், பூச்சுக்கு மட்டும் தனிக் கொத்தனாரை வைப்பதே நிம்மதி.

பாக்ஸின் விளிம்பு பூச்சு முகத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 சதுர மிமீ வயர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் போர்டை மூடவே கூடாது. பூச்சு காய்ந்த பிறகுதான் வயர் இழுப்பது.

பட்டிக்கத்தி எழுதியது:

ஸ்கர்டிங் டைல் (சுவரின் அடியோரம் ஒட்டும் டைல்) சுவரோடு சமமாக உட்கார வேண்டுமென்றால் அடியில் 100 மிமீ பூசாமல் விடச் சொல்லுங்கள். பூசின பிறகு கேட்டால் வெட்டத்தான் வேண்டும்.

பட்டி, பிரைமர் இரண்டையும் தரை டைலுக்கு முன்பே முடித்துவிடுவது என் வழக்கம், தேய்க்கிற தூசி தரைக்கு எமன். 100 சதுர மீட்டருக்கு இரண்டு கோட் பட்டி 70 முதல் 100 கிலோ வரை பிடிக்கும். கடைசிக் கோட் பெயின்ட் மட்டும் கதவு மாட்டி, சுவிட்ச் பிளேட் போட்ட பிறகு.

விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பாலில் பிடிக்காது. பாலிமர் கலந்த டைல் பசை, பல் கரண்டி, 2 மிமீ இடைவெளி. தட்டினால் பொத்தென்று கேட்கும் டைலை ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள்.

புதுப் பூச்சு 28 நாள் காயட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு முழம் பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் பட்டி மூட்டையைப் பிரிக்காதீர்கள்.