பொருள்: மாறுகவைக்குழலா, மேனிஃபோல்டா? (வெள்ளிக்கிழமை கெடு)

அனைவருக்கும் வணக்கம்.

காரில் நாமே வாங்கிப் பொருத்தும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் கையேடு தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். சில எஞ்சின்களில், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் கிளைக்குழாயான மேனிஃபோல்டுக்குள் ஒரு மடல் இருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது மூடியிருக்கும். காற்று நீண்ட வழியில் சுற்றி வரும். வேகம் ஏறினால் மடல் திறந்து குறுக்கு வழி விடும். எஞ்சினை வேறு வண்டிக்கு மாற்றினாலோ, கூட வந்த ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கழற்றி வேறொன்று போட்டாலோ அந்த மடலை இயக்க ஆளில்லாமல் போகிறது. அந்த வேலையைத்தான் இந்தப் பெட்டி பார்க்கிறது.

'வேரியபிள் இன்டேக் மேனிஃபோல்டு', 'ஆஃப்டர்மார்க்கெட்' (கார் கம்பெனி தராமல் நாமே பிறகு வாங்கிப் பொருத்துவது) இரண்டுக்கும் சொல் வேண்டும். எனக்கு முன் இதைத் தொட்டவர் 'மாறக்கூடிய உட்கொள்ளல் பன்மடங்கு' என்று எழுதி வைத்திருக்கிறார். படித்தால் வட்டிக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

– சு.

-----

சு. அம்மா,

பன்மடங்கை உடனே அடித்துவிடுங்கள். ஒரு தாய்க்குழாயிலிருந்து பல கிளை பிரிவதே இதன் வடிவம். பிரிந்து நிற்பதற்கு நம்மிடம் 'கவை' இருக்கிறது. முல்லைப்பாட்டில் யானைப்பாகர் கையில் இருப்பது 'கவைமுட் கருவி'. எனவே கவைக்குழல். முன்னால் 'மாறு' சேர்த்தால் மாறுகவைக்குழல். வினைத்தொகை என்பதால் மாறிய, மாறுகிற, மாறும் மூன்றும் அதில் அடங்கிவிடும். வல்லினம் மிகாது; தயவுசெய்து யாரும் 'மாறுக்கவை' என்று எழுதிவிடாதீர்கள்.

– இரா.

-----

> மாறுகவைக்குழல்

ஐயா, இந்தக் கையேட்டைப் படிக்கிறவர் கையில் ஸ்பேனர் இருக்கும், அகராதி இருக்காது. மேனிஃபோல்டு என்றே விடுங்கள். கார் கம்பெனிகளே இதற்கு ஒரே பெயர் வைக்கவில்லை. பிஎம்டபிள்யூவில் டீசா, மஸ்தாவில் விஆர்ஐஎஸ், டொயோட்டாவில் ஏசிஐஎஸ், போர்ஷேயில் வேரியோராம்.

என் கவலை வேறு. வெற்றிடத்தால் இயங்கும் மடல்களில், வெற்றிடம் இல்லாதபோது மடல் திறந்து நிற்குமா மூடி நிற்குமா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அதைப் பார்க்காமல் ஒயரை இணைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்: கீழ் வேகத்தில் இழுவை இருக்காது, மேலே போனால் மூச்சு முட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் புரிகிற தமிழில் எழுதுங்கள்.

– வே.

-----

இரா. ஐயா முல்லைப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். முழு அடி 'கவைமுட் கருவியின் வடமொழி பயிற்றி'. பாகர்கள் யானைக்குத் தொழிற்சொல் கற்றுக்கொடுத்தது வடமொழியில். சங்கப் பாட்டே அதைக் கூசாமல் பதிவு செய்கிறது. அப்புறம் மேனிஃபோல்டு மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆனாலும் 'குழல்' எனக்குப் பிடித்திருக்கிறது, வேறு காரணத்துக்காக. வால்வு திறந்து பிஸ்டன் இழுத்ததும் ஒரு குறையழுத்த அலை குழல் வழியே மேலேறி, குழல்கள் எல்லாம் கிளம்பும் பொது அறையின் வாயில் பட்டு, மிகையழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் கூடுதலாகக் கொஞ்சம் காற்றைத் திணிக்கும். 3,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி, 6,000இல் 10தான். ஒலி வேகத்தில் போகும் அந்த அலையோ எப்போதும் போல விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. ஆகவே குழல்தான் குட்டையாக வேண்டும். புல்லாங்குழலில் விரலை எடுத்தால் காற்றுத்தூண் குறுகுகிறதே, மடல் திறப்பதும் அந்த வேலைதான். மாறுவது நீளம் என்பதைச் சொல்லாத எந்தப் பெயரும் அரைப்பெயர். என் பரிந்துரை: மாறுநீளக் குழல்.

– நா.

-----

நா. தம்பி, நீங்களும் அடுத்த அடியை விட்டுவிட்டீர்கள். அந்தப் பாகர்களைப் புலவர் 'கல்லா இளைஞர்' என்கிறார். அவர்களைத் துணைக்கு அழைப்பது உங்கள் விருப்பம்.

'மாறுநீளம்' என்றால் நீளம் படிப்படியாக, எந்த அளவுக்கும் மாறும் என்று பொருள்படும். இங்கே இருப்பது நீளம், குட்டை என்று இரண்டே நிலை. இருநீளக் கவைக்குழல் என்பதே துல்லியம்.

– இரா.

-----

இரண்டே நிலை என்று சொல்ல முடியாது ஐயா. 2001இல் வந்த பிஎம்டபிள்யூ என்62 எஞ்சினில் நீளம் படியே இல்லாமல் மாறும். அதற்கு முன்பே, 1991இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி காரில் உள்ளிழுக்கும் குழல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு குறுகும். ரோட்டரி எஞ்சின், வால்வே கிடையாது. அந்தச் சத்தத்தைப் பற்றித் தனி இழையே போடலாம், இப்போது வேண்டாம்.

– வே.

-----

ஆக 'இருநீளம்' போயிற்று.

'பின்சந்தை'யை யாரும் முன்மொழியாததற்கு நன்றி. 'வெளிப்பொருத்துக் கட்டுப்படுத்தி' என்று போடுகிறேன். 'ஹிஸ்டெரிசிஸ்' என்று இன்னொரு சொல்லும் இருந்தது: மடல் 4,000இல் திறந்தால் 4,000இலேயே மூடக்கூடாது, அந்த எல்லையில் வண்டி ஓடும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும். அதனால் 3,800இல் மூடும்படி வைக்கிறார்கள். இந்த இடைவெளிக்குப் பள்ளி இயற்பியலில், காந்தவியல் பாடத்தில் இருக்கும் 'தயக்கம்' அப்படியே பொருந்துகிறது. தயக்க இடைவெளி, 200 ஆர்பிஎம். இதற்கு மறுப்பு இருந்தால் தயவுசெய்து வெள்ளிக்குப் பிறகு சொல்லுங்கள்.

மற்றபடி, தலைப்பில் 'மாறுநீள உள்ளிழுகுழல்'. உள்ளே முதல் தடவை 'மாறுநீள உள்ளிழுகுழல் எனும் மேனிஃபோல்டு', பிறகு கடைசி வரை மேனிஃபோல்டு. வே. சொன்ன மடல் நிலையைக் கட்டம் கட்டி முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

– சு.

-----

தலைப்பில் தமிழ், உடம்பில் ஆங்கிலம். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கிளை பிரிவதைச் சொல்லாத 'குழல்' வெறும் குழாய்.

– இரா.

-----

எனக்குச் சம்மதம். ஆனால் 'உள்ளிழுகுழல்' என்றால் ஏர் ஃபில்டருக்குப் போகும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

– நா.

-----

படம் இருக்கிறது நா., அம்புக்குறி போட்டுவிடுவேன். இப்போது அவசரம் சோலனாய்டு, மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள். பாடநூலில் 'வரிச்சுருள்'. 'வரிச்சுருள் வால்வு' என்று எழுதினால் பட்டறையில் புரியுமா, வே.?

– சு.

-----

புரியாது.

– வே.