கோலார் தங்கவயலில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

ஜிந்துப்பிட்டிக்காரன்:
செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதுகிறேன். எங்கள் பட்டறைப் பத்தர் ஐயா நல்ல பொன்னைக் கண்டால் இன்றைக்கும் 'கோலார் தங்கம் மாதிரி' என்றுதான் சொல்வார். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூர் போகிறேன், கையில் ஒரு நாள் மிச்சம். சுரங்கத்துக்குள் இறங்க விடுவார்களா? கன்னடம் தெரியாமல் சமாளிக்கலாமா?

தேயிலைச்சாயம்:
இறங்கவா? மறந்துவிடுங்கள் தம்பி. 2001 பெப்ரவரி 28 அன்றே மூடியாச்சு, உள்ளே தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. 1880இல் ஜோன் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து சுமார் 800 டன் எடுத்துவிட்டார்கள், சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் கீழே போனது, அவ்வளவு ஆழத்தில் வெக்கை ஒருபக்கம், பாறை வெடிப்பு ஒருபக்கம், கடைசியில் கிடைத்த பொன்னைவிட எடுக்கிற செலவு கூடிப்போனது. இப்போது பார்க்க இருப்பது சுரங்கக் குழிகளுக்கு மேலே நிற்கும் துருப்பிடித்த ஷாப்ட் கோபுரங்களும், அரைத்து சயனைட்டால் பொன்னைப் பிரித்த மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த சயனைட் மேடுகளும்தான். காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வரும் என்று ஆட்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

பாஷைக்குப் பயமே வேண்டாம். வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன சனம், ஊரே தமிழ் பேசும். நான் ஹட்டன் பக்கம் பிறந்தவன், அங்கே வரிசையாக நிற்கும் லைன் வீடுகளைப் பார்த்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம்தான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரனுக்குப் பங்களா, கிளப். தொழிலாளிக்கு மூங்கில் தட்டி வீடு. காவிரியில் உள்ள சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இலேயே கரண்ட் வந்தது, பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். வந்தது மெஷினுக்கு, தட்டி வீட்டுக்கு இல்லை.

விடியற்காலையில் தங்கவயலிலுள்ள மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பாருங்கள், அதுதான் இன்றைய தங்கவயல். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம், ராத்திரி திரும்பி வரும். ஏறத்தாழ 100 கிலோமீற்றர், தினமும்!

மருதானை வாசகன்:
மேலே சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். சாதி ஒழிப்புக்காக எழுதிய தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்கொட்டோடு கொழும்புக்கு வந்து, நம்ம மாளிகாகந்தை வித்யோதய பிரிவெனாவில், அதாவது பிக்குகள் படிக்கும் கல்லூரியில், ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். அப்புறம் சென்னையில் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை, அவருடைய 'தமிழன்' பத்திரிகைக்குச் சுரங்கத் தொழிலாளர்கள்தான் பெரிய பலம். சாதிக் கொடுமைக்குத் தப்பி வந்த சனத்துக்கு மாதச் சம்பளமும் படிக்கப் பத்திரிகையும் ஒன்றாகக் கிடைத்ததே, என்னைக் கேட்டால் அந்த ஊரின் கதை பொன்னைவிட அதுதான். 1930இல் கம்பெனி கைரேகை பதியச் சொன்னபோது இந்தச் சனம்தான் வேலையை நிறுத்தியது. அதனால் மாரிக்குப்பத்தில் இறங்கினால் ஸ்டேஷனோடு நிற்காமல் பழைய ஆட்களிடம் இதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள்.

ஜிந்துப்பிட்டிக்காரன்:
நன்றி அண்ணா. அந்தப் பிரிவெனா வாசலால்தான் மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போகிறேன், இது தெரியாது! சுரங்கம் மூடிய விஷயத்தைப் பத்தர் ஐயாவிடம் சொன்னேன். "2001லேயா? அப்ப இவ்வளவு நாளும் நான் எந்தத் தங்கத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.