ராட்சத விலங்கு வில்லன் ஆகாமல் எழுதுவது எப்படி?

கேள்வி:
நான் எழுதும் அறிவியல் புனைகதையில் ஒரு கோள். மனிதர்கள் குடியேறுவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே 200 மீட்டர் உயர விலங்குகள் திரிகின்றன. அவற்றுக்குப் பகையும் இல்லை, பாசமும் இல்லை. ஆனால் எழுத எழுத வில்லன் மாதிரியே ஆகிவிடுகின்றன. போன அத்தியாயத்தில் ஒன்று சிரிக்கவே செய்துவிட்டது! என்ன செய்யலாம்?

பதில் 1:
சிரிப்பு இருக்கட்டும், முதலில் அது நிற்குமா என்று பாருங்கள். உயரம் 10 மடங்கானால் எடை 1000 மடங்கு. அதைத் தாங்க வேண்டிய எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான். 1638-லேயே கலிலியோ எழுதிய விஷயம் இது. நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளர்வதும் தண்ணீர் தாங்குவதால்தான். பேசாமல் கடலில் விடுங்கள்.

பதில் 2:
கண்ணை வர்ணிக்காதீர்கள். கண் வந்தால் பார்வை வரும், பின்னாலேயே எண்ணமும் வந்துவிடும். என் கதையில் அதற்கு முதுகு அரிக்கும். அணைச் சுவரில் உரசும். கீழே ஊர் மூழ்கும். அது தூங்கப் போய்விடும்.

கேட்டவர்:
சரி, கடலுக்கு அனுப்பிவிட்டேன். சிரிப்பையும் வெட்டியாச்சு. அந்த அணையை நான் எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 2:
தாராளமாக. ஆனால் கடலில் இருப்பது அணைக்கு எப்படி வரும்? துறைமுகச் சுவராக மாற்றிக்கொள்ளுங்கள்.