பொறியில ஒரு அந்துகூட விழல, காய் பூரா ஓட்டை. அவசரம்

வரப்புநண்டு:
ஏக்கருக்கு அஞ்சு இனக்கவர்ச்சிப் பொறி கட்டியாச்சு. லூர் (ஆண் அந்தை இழுக்க, பெண் அந்தோட மணம் ஏத்தி உள்ள மாட்டுறது) புதுசு. ஒரு வாரமாச்சு, பை காலி. போலி லூரா? சீக்கிரம் சொல்லுங்க.

செம்மண்:
என்ன பயிர்? எந்தப் புழுவோட லூர்? புனல் பொறியா, தண்ணிப் பொறியா? எவ்வளவு உயரத்துல?

காட்டாமணக்கு:
லூர் வெயில்ல கிடந்திருக்கும். பிரிக்காத பாக்கெட்டையும் ஃபிரிட்ஜ்லதான் வைக்கணும். வெறுங்கையால தொடவும் கூடாது.

அந்துவியல்:
அடிக்கடி வர்ற கேள்விதான், பழைய இழைகளைப் படிச்சிருக்கலாம். விழறது ஆண் மட்டும். ஏக்கருக்கு அஞ்சு பொறி நடமாட்டம் பார்க்கத்தான், பிடிச்சு அழிக்க இல்ல. காய்க்குள்ள போன புழுவை எந்த லூரும் ஒண்ணும் பண்ணாது.

தும்பை:
பொறியை விடுங்க. இணைசேர்க்கையைத் தடுக்கிற பசை இருக்கு, பருத்தி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குச் செடியிலேயே தடவுறாங்க. வயல் பூரா மணம் பரவினா ஆணுக்குப் பெண் இருக்கிற இடம் தெரியாது.

அந்துவியல்:
ஒத்தை ஏக்கர்ல தடவி என்ன பயன்? பக்கத்து வயல்ல இணைசேர்ந்த பெண் அந்து பறந்து வந்து முட்டை வைக்கும்.

தும்பை:
ஊரோட சேர்ந்து செய்யணும்னுதான் சொல்றேன்.

அந்துவியல்:
நீங்க சொல்லவே இல்லையே. அப்படிச் செஞ்சாலும் பொறி காலின்னு நம்பக் கூடாது. அந்த மணத்துல ஆண் பொறியையும் கண்டுபிடிக்காது. காயை அறுத்துத்தான் பார்க்கணும்.

செம்மண்:
பயிரே தெரியாம எதுக்குச் சண்டை? நண்டு, பதில் சொல்லுங்க.

வரப்புநண்டு:
கத்தரி. பாக்கெட்ல ஹெலிகோவர்பான்னு போட்டிருக்கு. புனல் பொறி, ஆளுயரம்.

செம்மண்:
லூர் போலி இல்ல, வேற பூச்சியோடது. ஹெலிகோவர்பா தக்காளி, கொண்டைக்கடலைப் பயிர்ல வர்ற பச்சைப் புழு. அதோட மணம் ஆல்டிஹைடுங்கிற வேதிப்பொருள் வகை. கத்தரியைத் துளைக்கிற லூசினோடஸுக்கு அசிட்டேட்ங்கிற வேற வகை. அந்த ஆண் இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

லூசினோடஸ் லூர்னு கேட்டு வாங்குங்க. தண்ணிப் பொறி, செடியோட தலை மட்டத்துல. தண்ணியில கொஞ்சம் சோப்புக் கரைங்க, இல்லாட்டி விழுந்த அந்து எழுந்து பறந்துடும். லூர் தண்ணிக்கு மேல ஒரு விரக்கடை தொங்கணும். மழைத்தண்ணி நிறைஞ்சா லூர் முங்கிடும், அதனால பக்கவாட்டுல ஓட்டை போடுங்க. பழைய பொறியில இதைச் சேர்த்து மாட்டாதீங்க. வாடின குருத்தையும் ஓட்டைக் காயையும் பறிச்சு வயலுக்கு வெளிய அழிங்க. வரப்புல போட்டா புழு அங்கேயே கூடு கட்டும்.

வரப்புநண்டு:
மாத்தியாச்சு. ஏழெட்டு மிதக்குது, சின்னதா வெள்ளையா, இறக்கையில பழுப்புத் திட்டு. நன்றி.