சீலோஜைன் கிறிஸ்டாட்டா பூக்கவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம். குன்னூர்ல வீட்டை ஒட்டி சின்னதா ஒரு பசுமைக்குடில் வெச்சிருக்கேன். அதுல இந்த இமயமலை ஆர்கிட். வெள்ளைப் பூ, உதடு மாதிரி இருக்குற நடு இதழுக்குள்ள மஞ்சள் வரி. குமிழ்கள் (தண்ணியைச் சேர்த்து வெக்கிற தடிச்ச தண்டுகள்) கொழுகொழுன்னு தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்குது, மொட்டைத்தான் காணோம்.

இந்தச் செடியோட சொந்த ஊர்ல ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் நல்ல மழை, அப்புறம் வறண்ட குளிர். அந்த வறட்சி கிடைச்சாத்தான் பூக்கும். நமக்கோ அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சிடுது. கூரை தண்ணியைத் தடுத்தாலும் காத்துல ஈரம் குறையலை. ஃபேன் ஓடுது, ராத்திரி பக்கத் திரையையும் சுருட்டி விடுறேன்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இதைப் பூக்க வெச்சவங்க இருக்கீங்களா? தண்ணியை எந்த மாசம் குறைக்கிறீங்க? குமிழ் எவ்வளவு சுருங்குற வரைக்கும் விடலாம்? தயவுசெய்து "தொட்டியை மாத்துங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. வேரைக் கலைச்சா இது ரொம்பக் கோவிச்சுக்கும்.