புதுப்பிப்பு: அப்பாவைப் பார்க்க வந்த கபடிப் பையன்கள்

மார்ச் மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை நான் ஒருத்தியே பார்க்கிறேன், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நன்றாகத் தூங்கியே மாதக்கணக்காகிறது என்று. "அப்பா ஆடிய கபடி அணியிடம் கேட்டுப் பாருங்களேன்" என்று ஒருவர் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊர் தங்கச்சிமடம் முழுக்கத் தெரிந்த முகங்கள்தான், இருந்தாலும் கூச்சம். கேட்டதும் அணித்தலைவனான தம்பி, "எதிரணிப் பக்கம் பாடிப்போறவனுக்கே 30 செகண்டுதான்க்கா. நீங்க ரெண்டு வருசமா கோட்டுக்குத் திரும்பாமலே பாடிக்கிட்டு இருக்கீங்க" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பையன்கள் கரையில். இரவுக்கு இருவர் என்று முறை வைத்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற இயன்முறை மருத்துவர், ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்து, இழுக்காமல் உருட்டக் காட்டிக்கொடுத்தார். (முதல் இரவு எதிரணி ஆளை மடக்குவதுபோலத்தான் பிடித்தார்கள், பாவம் அப்பா.)

ஜூன் 15 படகுகள் கிளம்பியதும் எல்லாம் குலைந்தது. ஒரு வாரம் பழையபடி நான் மட்டும். அப்புறம் பையன்களின் அம்மாக்கள் பகலை எடுத்துக்கொண்டார்கள். படகு போகாத இரவுகளுக்குப் பையன்கள். இப்போது வாரத்தில் மூன்று இரவு தூங்குகிறேன்.

பேச்சு குழறினாலும், யார் வந்தாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: நேற்று எத்தனை பாயிண்ட்?