பள்ளியை மூடிவிட்டு வழிகாட்டியை அனுப்பினால் போதுமா?

கரிசல்காட்டான்:
சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' (ஆண்மகனாக ஆவது) என்றொரு திட்டம்: பள்ளிக்கு ஒரு வழிகாட்டி வந்து, பையன்களோடு குழுவாக உட்கார்ந்து பேசிப் பயிற்சி தருவார். யூத் கைடன்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2001-லிருந்து நடத்துகிறது; வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பையன்கள். 2013 பிப்ரவரியில் ஒபாமாவே ஹைட் பார்க் அகாடமி என்ற பள்ளியில் இந்தப் பையன்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசினார். அதே வருடம் மே மாதம், அதே ஊரில் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூட கல்வி வாரியம் முடிவெடுத்தது. அங்கே படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். பள்ளிக்கூடத்தைப் பிடுங்கிக்கொண்டு, 'கோபப்படாதே தம்பி' என்று சொல்ல ஆள் அனுப்புவது என்ன நியாயம்?

வாசுகி:
கோபமே தப்பு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுக்கிறார்கள். 'முப்பது வினாடிக்குள் அதை அவனிடமிருந்து வாங்கு' என்கிறார் வழிகாட்டி. உடனே இழுபறி, விரலைப் பிரிப்பது, கட்டிப்புரள்வது. முடிந்ததும், 'ஏன் யாரும் கேட்டே பார்க்கவில்லை?' என்கிறார். 'கேட்டால் கொடுக்கவா போகிறான்!' என்பார்கள். பந்து வைத்திருந்தவனிடம் கேட்டால், 'கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே' என்பான்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம், பள்ளி நேரத்திலேயே. குலுக்கல் முறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆய்வு மையம் இரண்டு முறை சோதித்தது. குலுக்கலில் சேராதவர்களோடு ஒப்பிட்டால், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் விகிதமும் கூடியது.

கரிசல்காட்டான்:
'திட்டம் நடந்த காலத்தில்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். திட்டம் முடிந்த பிறகு கைதுகளில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை, அதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது.

வாசுகி:
சரி, நிற்கவில்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் அந்த ஒரு வருடம் கைதாகாமல் இருந்தால் அது சின்ன விஷயமா? மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறும்தான். அதற்காக மாத்திரையே வீண் என்போமா?

நெய்தல்:
நடுவில் ஒன்று. பெண் பிள்ளைகள் எங்கே? 2014-ல் ஒபாமா 'மை பிரதர்ஸ் கீப்பர்' என்ற, சிறுபான்மை இளைஞர்களுக்கான திட்டத்தைத் தொடங்கியபோதே இந்தச் சண்டை வந்தது. அது பையன்களுக்கு மட்டும். சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்தப் பையன்கள் வளரும் அதே வீட்டில்தானே அக்காவும் தங்கையும் வளர்கிறார்கள்?

வாசுகி:
நியாயம். அதே யூத் கைடன்ஸ் பெண்களுக்காக 'வொர்க்கிங் ஆன் உமன்ஹுட்' என்றொரு திட்டம் நடத்துகிறது. ஆனால் பையன்கள் திட்டத்துக்குக் கிடைத்த வெளிச்சம் அதற்குக் கிடைக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்:
மறுபடியும் பந்துக்கே வருகிறேன். தெற்கு சிகாகோவில், பிரான்ஸ்வில் பகுதியில் டயட் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அதை மூடாதீர்கள் என்று பெற்றோர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். மனு கொடுத்தார்கள், கூட்டத்தில் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, பள்ளியை மூடிவிட்டார்கள். 2015-ல் பன்னிரண்டு பேர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதன் நடுவில்தான் வாரியம் பள்ளியைத் திறக்கிறோம் என்றது, அதுவும் அவர்கள் கேட்ட பசுமைத் தொழில்நுட்பப் பாடத்திட்டம் இல்லாமல், கலைப் பள்ளியாக. கேட்டால் கொடுப்பான் என்று பையனுக்குச் சொல்லித் தருகிறீர்களே, அவன் அம்மா கேட்டாளே!

வாசுகி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. ஆனால் 2016-ல் அந்தப் பள்ளி திறந்தபோது உள்ளே வந்த பிள்ளைகளோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார ஒரு ஆள் வேண்டாம் என்பீர்களா?

கரிசல்காட்டான்:
வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆளை அனுப்பிய கையோடு கணக்கை முடிக்காதீர்கள் என்கிறேன்.

நெய்தல்:
அந்த ஆள் பெண் பிள்ளைகளோடும் உட்காரட்டும். அதைச் சொன்னதும் இரண்டு பேரும் பந்துக்கே போய்விட்டீர்கள்.